மைனஸ் எட்டை விட மைனஸ் ஒண்ணுதான் கவனிக்கணும்: வடக்குல ஸ்நோ ஃபோர்காஸ்ட் எப்படி வேலை செய்யுது

டிசம்பர் பொறந்துட்டா கணியம்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கமெல்லாம் நிறைய பேர் போன்ல ரெண்டு ஊரு வெதர் ஓடிகினு இருக்கும். ஒண்ணு வேலூர், இன்னொண்ணு ஸ்ரீநகரோ லேவோ குப்வாராவோ, பையனுக்கு எங்க போஸ்டிங்கோ அந்த ஊரு. இது இன்னிக்கு நேத்து பழக்கம் இல்ல, லாங் பஜார் மணிக்கூண்டு கல்வெட்டுலயே முதல் உலகப்போருக்கு இந்த ஊர்ல இருந்து 277 பேர் போனாங்க, அதுல 14 பேர் உயிரை விட்டாங்கன்னு எழுதி வெச்சிருக்கு, கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டைன்னே கூப்பிடறாங்க. அப்போ கடுதாசி வந்தாதான் சேதி, இப்போ ஆப் இருக்கு. ஆனா அந்த ஆப் காட்டற நம்பரைப் பாத்துட்டு நாம பயப்படற நேரம் ஒண்ணு, அங்க உண்மையில ஆபத்து வர்ற நேரம் இன்னொண்ணு. இதைப் பத்திதான் கொஞ்சம் விலாவாரியா சொல்லலாம்னு பாக்கறேன், ஏன்னா புயல் வந்தா ட்ராக் என்னா, லேண்ட்ஃபால் எங்கன்னு நம்மாளுங்க டீக்கடையிலயே பிரிச்சு மேயறாங்க, வடக்கத்தி ஸ்நோ மட்டும் ஏதோ தானா வந்து கொட்டற மாதிரி பேசறாங்க.

முதல்ல அந்த ஸ்நோவைக் கொண்டாறது யாருன்னு பாத்துடுவோம். நியூஸ்ல வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்னு சொல்லுவாங்க இல்ல, அதுதான். நமக்கு மழை கிழக்குல வங்கக்கடல்ல இருந்து வருது, அவங்களுக்குக் குளிர்கால மழையும் ஸ்நோவும் மேற்குல, மத்தியதரைக் கடல் பக்கத்துல இருந்து வருது. அங்க உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் எல்லாம் தாண்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் டிராவல் பண்ணி வந்து இமயமலையில முட்டுது. இழுத்துகினு வர்றது ஜெட் ஸ்ட்ரீம், சுமார் 12 கிலோமீட்டர் உயரத்துல மேற்குல இருந்து கிழக்கா பயங்கர வேகத்துல ஓடற காத்து, குளிர்காலத்துல அது தெக்கால எறங்கி வட இந்தியா மேல வந்து நிக்கும். பாலாத்துல எப்பவாவது வெள்ளம் வரும்போது (வரும்போதுன்னுதான் சொல்ல முடியும், 2021 நவம்பர்ல வந்த மாதிரி) ஓட்டத்துலயே சுழியும் சேந்து அடிச்சிகினு போறதைப் பாத்திருப்பீங்க, அந்த மாதிரிதான் ஜெட்டுல இந்த டிஸ்டர்பன்ஸும். குளிர்காலத்துல சராசரியா மாசத்துக்கு நாலுல இருந்து ஆறு வரும், டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் சீசன்.

புயலுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. புயல் கடல் சூட்டைத் தின்னு வளருது, கண்ணு இருக்கு, பேரு இருக்கு, மேப்ல ஒரு புள்ளி வெச்சு ட்ராக் போடலாம். வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸுக்குக் கண்ணும் இல்ல பேரும் இல்ல, அதோட பலமெல்லாம் மேலதான், அஞ்சு ஆறு கிலோமீட்டர் உயரத்துல குளிர்ந்த காத்து ஒரு பள்ளம் மாதிரி எறங்கி இருக்கும், தரையில நிக்கறவனுக்கு முதல் நாள் வரைக்கும் ஒண்ணுமே தெரியாது. அதனாலதான் புயலுக்கு "எங்க கரை கடக்கும்"னு கேக்கற கேள்வியை இங்க கேக்க முடியாது, ஒரே சிஸ்டம் காஷ்மீர், லடாக், ஹிமாச்சல், உத்தராகண்ட்னு அகலமா தடவிகினு போகும். இன்னொரு விஷயம், இந்த மேற்குக் காத்துப் பள்ளம் ஆழமா தெக்கால எறங்கி வந்துட்டா நம்ம வங்கக்கடல் புயலைக் கூட வடகிழக்கா திருப்பி இழுத்துகினு போயிடும், சென்னைக்கு வருதுன்னு இருந்தது வங்கதேசம் பக்கம் ஓடிடறதுக்கு சில சமயம் அதுவும் ஒரு காரணம்.

சரி, சிஸ்டம் வருதுன்னு வெச்சுக்குவோம், எவ்ளோ கொட்டும்? மத்தியதரைக் கடல்ல இருந்து எடுத்துகினு வந்த ஈரம் வழியில பாதி காஞ்சுடும். பெருசா கொட்டணும்னா அரபிக்கடல் கை கொடுக்கணும். மேல டிஸ்டர்பன்ஸ் வரும்போது கீழ ராஜஸ்தான், பாகிஸ்தான் பஞ்சாப் பக்கம் ஒரு சின்ன சுழற்சி உருவாகும், ஐஎம்டி (இந்திய வானிலைத் துறை) புல்லட்டின்ல இண்டியூஸ்டு சைக்ளோனிக் சர்க்குலேஷன்னு போடுவான். அது உருவானா தெக்குல இருந்து அரபிக்கடல் ஈரத்தை உறிஞ்சி மலைக்கு மேல தள்ளும். ஈரக்காத்து காஷ்மீர் பள்ளத்தாக்குக்குத் தெக்கால இருக்கற பீர் பஞ்சால் மலையில முட்டி மேல ஏறும்போது குளிர்ந்து கொட்டிடும். அதனால புல்லட்டின்ல "ஃப்ரெஷ் வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்"னு மட்டும் இருந்தா அலட்டிக்காதீங்க, கூடவே அந்த சர்க்குலேஷனும் "அரபிக்கடல் மாய்ஸ்சர்"ங்கற வார்த்தையும் வந்தா அப்போ உக்காந்து படிக்கணும். மாசம் நாலஞ்சு வந்தாலும் ரோட்டை மூடற அளவுக்குப் போறது அதுல ஒண்ணு ரெண்டுதான்.

இப்போ மேட்டருக்கு வரேன், ஃபோர்காஸ்ட் பண்றவங்க மண்டை காயற எடம் இதுதான், உயரம். மேல போகப் போக டெம்பரேச்சர் கொறையும், ஏறக்குறைய ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி, இது ஏலகிரி போனவங்களுக்கே தெரியும். இதையே திருப்பிப் போட்டா, டெம்பரேச்சர் கணக்குல ஒரே ஒரு டிகிரி தப்பு வந்தா ஸ்நோ லைன் (எந்த உயரத்துக்கு மேல மழை ஸ்நோவா மாறுதோ அந்தக் கோடு) 150 மீட்டர் மேலயோ கீழயோ போயிடும். செங்குத்தா நிக்கற மலையில 150 மீட்டர்னா ஒண்ணுமே இல்ல, கொஞ்சம் தள்ளி ஸ்நோ விழும் அவ்ளோதான். ஆனா காஷ்மீர் பள்ளத்தாக்கு அப்படி இல்ல, அடியில தட்டையா இருக்கற எடம், ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர், தெக்கால காசிகுண்ட் 1,670 கிட்ட. ஆக மொத்த பள்ளத்தாக்குமே ஒரு நூறு மீட்டர் வித்தியாசத்துக்குள்ள அடங்கிடுது. ஸ்நோ லைன் 1,500ல நின்னா ஊரே வெள்ளை, 1,800ல நின்னா ஊரே சேறு. ஒரு டிகிரி, ரெண்டு டிகிரி. வேலூர்ல 41ஆ 42ஆன்னு தப்பா சொன்னா எவனும் கேக்க மாட்டான், ரெண்டும் நமக்கு ஒண்ணுதான், அங்க அதே ஒரு டிகிரிதான் மழையா ஸ்நோவான்னு முடிவு பண்ணுது.

அதுக்கு மேல இன்னொரு சிக்கல். மழைத்துளி காஞ்ச காத்து வழியா விழும்போது கொஞ்சம் ஆவியாகி அந்தக் காத்தையே குளிர வெச்சிடும், மேல இருந்து விழற ஸ்நோ உருகும்போதும் சுத்தி இருக்கற சூட்டை எடுத்துக்கும். அதனால சாயங்காலம் ரெண்டு டிகிரியில மழையா ஆரம்பிச்சது நடுராத்திரி தானா ஸ்நோவா மாறிடும், எவ்ளோ வேகமா பெய்யுதுங்கறதைப் பொறுத்து. லேசா பெஞ்சா மழையாவே போயிடும், அடிச்சுப் பெஞ்சா ஸ்நோ. ஆப்ல இருக்கற ஒத்தை ஐக்கான் இதை எப்படிக் காட்டும்? ஸ்ரீநகர் வானிலை மையம் வழக்கமா "சமவெளியில் லேசான மழை அல்லது பனி, உயரமான பகுதிகளில் மிதமானது முதல் கனத்த பனி"ன்னு போடறதைப் பாத்துட்டு, என்னடா ரெண்டையும் சொல்லி தப்பிச்சிக்கறான்னு கிண்டல் பண்ணுவாங்க. தப்பிக்கல, அந்த "அல்லது"ல தான் மொத்த ஃபோர்காஸ்ட்டே இருக்கு, அவ்ளோ நேர்மையா எந்த ஆப்பும் சொல்றதில்ல.

எத்தனை சென்டிமீட்டர் விழும்ங்கறதும் அப்படித்தான். பத்து மில்லிமீட்டர் மழைக்கு சமமான தண்ணி ஸ்நோவா விழுந்தா சராசரியா பத்து சென்டிமீட்டர் நிக்கும்னு ஒரு குத்துமதிப்பு கணக்கு. ஆனா ஜீரோ டிகிரி கிட்ட ஈர ஸ்நோவா விழுந்தா அதுல பாதி உயரம்தான் வரும், வெயிட் ஜாஸ்தி. நல்ல குளிர்ல பொடியா விழுந்தா பதினஞ்சு சென்டிமீட்டருக்கு மேலயும் போகும், காத்தடிச்சா பறந்துடும். உயரம் கம்மியா இருக்கற ஈர ஸ்நோதான் கரண்ட் கம்பியை அறுக்கறது, மரத்தை முறிக்கறது. 2019 நவம்பர் 7ம் தேதி காஷ்மீர்ல சீசனுக்கு முன்னாடியே இப்படித்தான் விழுந்துச்சு, ஆப்பிள் மரத்துல இலை கூட உதிரல, சில தோட்டத்துல பழமே பறிக்கல, ஒவ்வொரு இலை மேலயும் ஸ்நோ உக்காந்து வெயிட்டு தாங்காம மரம் நடுவால பொளந்துகினு போச்சு. அளவுன்னு பாத்தா ஜனவரியில சாதாரணமா விழறதுதான், விழுந்த நேரம்தான் தப்பு. ஆப்பிள் மரம் காய்க்க வருஷக்கணக்கா ஆகும், அதனால அந்த ஒருநாள் நஷ்டம் அந்த வருஷத்தோட முடியல.

கம்ப்யூட்டர் மாடல் எல்லாம் இருக்கே, அது சொல்லாதான்னு கேக்கலாம். சொல்லும், அதோட கண்ணு எவ்ளோ கூர்மைங்கறதுதான் கேள்வி. மாடல் பூமியைக் கட்டம் கட்டமா பிரிச்சுகினு ஒவ்வொரு கட்டத்துக்கும் காத்து, ஈரம், டெம்பரேச்சர் கணக்குப் போடுது. ஐஎம்டி 2018ல இருந்து ஓட்டற குளோபல் மாடல் 12 கிலோமீட்டர் கட்டம், ஐரோப்பிய சென்டர் மாடல் 9 கிலோமீட்டர், 2025 மே மாசம் பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம்னு 6 கிலோமீட்டருக்கு எறங்கினாங்க. நம்ம பக்கம் 12 கிலோமீட்டர்னா காட்பாடில இருந்து வேலூர் தாண்டி கொஞ்ச தூரம், நடுவுல பாலாறும் ரெண்டு மூணு குன்றும்தான், பெருசா பாதிக்காது. காஷ்மீர் பள்ளத்தாக்கோட அகலமே 30, 40 கிலோமீட்டர்தான், அப்போ 12 கிலோமீட்டர் கட்டத்துல மூணே கட்டத்துல முடிஞ்சிடுது, அதுலயும் ஓரக் கட்டத்துல பாதி மலை பாதி பள்ளத்தாக்கு, மாடல் ரெண்டையும் சராசரி பண்ணி ஒரு உயரத்தை வெச்சுக்கும். அந்த உயரத்துல நெஜமா ஒரு ஊரும் இருக்காது. உங்க ஆப்ல "ஸ்ரீநகர்"னு போட்டு வர்ற டெம்பரேச்சர் பல சமயம் இப்படி இல்லாத ஒரு ஊரோட டெம்பரேச்சர்தான், நல்ல ஆப்னா உயரத்துக்கு ஏத்த மாதிரி திருத்திக் காட்டும், மத்தது அப்படியே துப்பிடும்.

மாடலுக்கு தீனி போடற டேட்டாலயும் ஓட்டை இருக்கு. நம்ம நேரத்துக்கு காலையில அஞ்சரை, சாயங்காலம் அஞ்சரைன்னு உலகம் பூரா ஒரே நேரத்துல மேல காத்தை அளக்கற பலூன் விடறாங்க, நம்ம நாட்டுலயும் ஸ்ரீநகர்ல இருந்து விடறாங்க, ஆனா சிஸ்டம் வர்ற வழியில ஆப்கானிஸ்தான் மேல அந்த மாதிரி டேட்டா ரொம்ப அரிது, சாட்டிலைட்டை நம்பிதான் ஓட்டணும். 2024 பிப்ரவரில விட்ட இன்சாட் 3டிஎஸ் வரைக்கும் நம்மகிட்ட சாட்டிலைட் இருக்கு, ஆனா மேல இருந்து பாத்தா மேகமும் வெள்ளை, தரையில கெடக்கற ஸ்நோவும் வெள்ளை. அதைப் பிரிக்க ஒரு வழி இருக்கு, கண்ணுக்குத் தெரியாத ஷார்ட் வேவ் இன்ஃப்ராரெட்ல எடுத்தா ஸ்நோ இருட்டா தெரியும், தண்ணி மேகம் பளிச்சுன்னு தெரியும். ரேடார் விஷயத்துல மலைதான் எதிரி, பீம் நேரா போய் மலையில முட்டிகினு நின்னுடும், பின்னாடி இருக்கற பள்ளத்தாக்குல என்ன நடக்குதுன்னு தெரியாது, அதனாலதான் ஸ்ரீநகர் பத்தாம பனிஹால் மேல ஒண்ணு, லேல ஒண்ணு, ஹிமாச்சல்ல குஃப்ரியில ஒண்ணுன்னு வெச்சுகினே போறாங்க.

இதெல்லாம் கூட்டிக் கழிச்சுப் பாத்தா, ஒரு சிஸ்டம் வருதாங்கறதை அஞ்சாறு நாளுக்கு முன்னாடியே ஓரளவு நம்பிக்கையா சொல்லலாம், எந்த நாள் எந்த வேளைங்கறது ரெண்டு மூணு நாளுக்கு முன்னாடி தெரியும், எந்த உயரத்துல ஸ்நோவா மாறும்ங்கறது முதல் நாளு வரைக்கும் கூட ஆடிகினே இருக்கும். ஒரே மாடலைக் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி இருபது தடவைக்கு மேல ஓட்டிப் பாக்கற முறை ஒண்ணு இருக்கு, எல்லாம் ஒரே மாதிரி வந்தா நம்பலாம், கன்னாபின்னான்னு சிதறினா இன்னும் பொறுத்துப் பாக்கணும். பத்து நாள் கழிச்சு செவ்வாக்கிழமை மத்தியானம் ஸ்நோன்னு ஆப்ல ஐக்கான் வந்தா அதை வெச்சு யாரும் லீவு டிக்கெட் மாத்தாதீங்க.

இப்போ அந்த மைனஸ் எட்டு கதை. எங்க தெருவுல ஒரு பெரிம்மா, பையன் பாராமுல்லா பக்கம் இருக்கான். ஜனவரில ஒருநாள் காலங்காத்தால போனைத் தூக்கிகினு வந்து, "தம்பி, இன்னாபா இது மைனஸ் எட்டுன்னு காட்டுது, புள்ள தாங்குவானா, ராத்திரி போனும் போவல"ன்னாங்க. "பெரிம்மா, மைனஸ் எட்டுன்னா அங்க வானம் பளிச்சுன்னு கீதுன்னு அர்த்தம், ஸ்நோ விழல, ரோடு ஓப்பனாதான் இருக்கும், குளுருக்கு அவங்ககிட்ட புக்காரி அடுப்பெல்லாம் இருக்கு, சிக்னல் இல்லாம இருந்திருக்கும்"னேன். "அப்போ நாளன்னிக்கு மைனஸ் ஒண்ணுன்னு போட்டிருக்கே, கொறஞ்சிடுச்சுல்ல, அது பரவால்லயா?" அதுதான் இல்ல, அந்த மைனஸ் ஒண்ணுதான் ஸ்நோ.

ஏன் அப்படின்னா, ராத்திரி தரை தன்னோட சூட்டை மேல விட்டுகினே இருக்கும். வானத்துல மேகம் இருந்தா அந்த சூட்டுல நிறையவே திருப்பி அனுப்பும், டெம்பரேச்சர் ரொம்ப எறங்காது. மேகமே இல்லாத ராத்திரியில சூடெல்லாம் போயிடும். மார்கழி, தை மாசத்துல வேலூர்லயே வானம் சுத்தமா இருக்கற அன்னிக்குதான் விடிகாலையில நடுங்கும், கோட்டை அகழி மேல புகை மாதிரி நிக்கும், மேகமூட்டமான ராத்திரியில அவ்ளோ குளிர் தெரியாது, அதே சயின்ஸ்தான். காஷ்மீர்ல கூடுதலா ரெண்டு விஷயம். குளிர்ந்த காத்து கனம், சுத்தி இருக்கற மலைச்சரிவுல இருந்து வழிஞ்சு எறங்கி பள்ளத்தாக்கு அடியில தேங்கிடும், சில நாள் மலை மேல இருக்கறவனை விட கீழ இருக்கறவனுக்குக் குளிர் ஜாஸ்தி. ரெண்டாவது, தரையில புது ஸ்நோ கெடந்தா பகல் வெயில்ல எண்பது சதவீதத்துக்கு மேல திருப்பி அடிச்சிடும், தரையில இருக்கற சூட்டையும் மேல வரவிடாது. அதனால சிஸ்டம் போய் வானம் தெளிஞ்ச அப்புறம்தான் குளிர் உச்சிக்குப் போகும். மழை விட்டும் தூவானம் விடலைன்னு சொல்லுவாங்களே, இங்க தூவானம்தான் மழையை விட மோசம்.

2024 டிசம்பர் இதுக்கு நல்ல எக்ஸாம்பிள். அங்க டிசம்பர் 21ல ஆரம்பிக்கற நாப்பது நாளை சில்லாய் கலான்னு சொல்லுவாங்க, கொடுங்குளிர் காலம், அப்புறம் இருபது நாள் சில்லாய் குர்த், பத்து நாள் சில்லாய் பச்சா. அந்த 21ம் தேதி ஸ்ரீநகர்ல மைனஸ் 8.5, டிசம்பர் மாசத்துல 1974க்கு அப்புறம் அவ்ளோ எறங்கினதில்ல, குழாயெல்லாம் உறைஞ்சு போச்சு, ஆனா ஸ்நோ இல்ல, ரோடு நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் 27, 28ம் தேதி சிஸ்டம் வந்து மேகம் போட்டு ராத்திரி குளிர் கொஞ்சம் விட்டுச்சு, ஆப் பாத்தவனுக்கு நிம்மதி, ஆனா அன்னிக்குதான் காசிகுண்ட் பக்கம் வண்டிங்க வரிசையா மாட்டிகினு நின்னுது.

பட்டாளத்துல இருக்கறவங்களுக்கு இதைவிடப் பெரிய பயம் பனிச்சரிவு. அதுக்கு ஃபோர்காஸ்ட் சொல்றது ஐஎம்டி மட்டும் இல்ல, ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ கீழ டிஜிஆர்இன்னு ஒரு அமைப்பு இருக்கு, முன்னாடி சாசேன்னு மணாலியில 1969ல ஆரம்பிச்சது. மாவட்டம் மாவட்டமா "2,800 மீட்டருக்கு மேல, அடுத்த 24 மணி நேரம், மீடியம் டேஞ்சர்"னு எச்சரிக்கை விடறாங்க, அஞ்சு லெவல் உண்டு. சரிவு ஜாஸ்தியா வர்றது 30ல இருந்து 45 டிகிரி சாய்வுல. அதுக்கும் கம்மின்னா ஸ்நோ அப்படியே கெடக்கும், அதுக்கும் மேலன்னா சேரவே சேராது. பெரிய ஸ்நோ விழுந்து முடிஞ்ச அப்புறம் ஒண்ணு ரெண்டு நாள்தான் ரொம்ப டேஞ்சர், வானம் பளபளன்னு நீலமா இருக்கும், போட்டோ எடுக்கலாம் போல இருக்கும். இதுல முன்னாடி சொன்ன மைனஸ் எட்டும் வந்து சேந்துக்குது, ஏன்னா தரையில கொஞ்சமா ஸ்நோ கெடந்து நாள் கணக்கா கடுங்குளிர் அடிச்சா அந்த ஸ்நோவோட அடி லேயர் சர்க்கரை மாதிரி உதிரியா மாறிடும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. அதுமேல அடுத்த சிஸ்டம் ரெண்டு அடி கொட்டினா மேல் அடுக்கு நிக்க எடம் இல்லாம வழுக்கிகினு வந்துடும். ஆக இன்னிக்கு ரிஸ்க்கைக் கணிக்கணும்னா இன்னிக்கு வெதர் பத்தாது, போன மாசத்து வெதர் வேணும், ஸ்நோவை வெட்டி லேயர் லேயரா பாக்கணும்.

அதுலயும் எல்லாம் சிக்காது. 2016 பிப்ரவரி 3ம் தேதி சியாச்சின்ல 19,600 அடியில சோனம் போஸ்ட் மேல விழுந்தது புதுசா விழுந்த ஸ்நோ இல்ல, பெரிய ஐஸ் சுவரே இடிஞ்சு விழுந்துச்சு. மெட்ராஸ் ரெஜிமென்ட் 19வது பட்டாலியன்காரங்க பத்து பேர் பொதைஞ்சாங்க, ஆறு நாள் கழிச்சு ஒருத்தரை உயிரோட எடுத்தும் அவரும் 11ம் தேதி போயிட்டாரு. பத்து பேர்ல நாலு பேர் தமிழ்நாடு, அதுல ஒருத்தர் நம்ம வேலூர் மாவட்டத்துக்காரர். ஐஸ் சுவர் எப்ப விரியும்னு நாள் குறிச்சு சொல்ற மாடல் இன்னிக்கும் கெடையாது.

ஃபோர்காஸ்ட் சரியா இருந்தும் ஜனங்க செத்த கதையும் இருக்கு, அது 2022 ஜனவரில பாகிஸ்தான்ல மர்ரீங்கற மலை ஊர்ல நடந்துச்சு. இஸ்லாமாபாத்துக்குப் பக்கம், நம்மாளுங்க ஏலகிரி, ஊட்டி போற மாதிரி வீக்கெண்டுல ஸ்நோ பாக்க கார் கார்னு கிளம்பிடுவாங்க. கனத்த பனி வருது, ரோடு அடைபடும்னு அந்த நாட்டு வானிலைத் துறை முன்கூட்டியே சொல்லிடுச்சு. ஸ்நோ விழுதுன்னு கேள்விப்பட்டதும் கூட்டம் இன்னும்தான் ஏறிச்சு. ராத்திரி அடிச்ச ஸ்நோல வண்டிங்க நகர முடியாம மாட்டிகினு, உள்ள இருந்தவங்க குளிருக்கு ஹீட்டர் போட்டுகினு இஞ்சினை ஓட விட, சைலன்சர் ஸ்நோல பொதைஞ்சு புகை உள்ள வந்து, 22 பேர் போயிட்டாங்க, நிறைய பேர் கார்பன் மோனாக்சைடுலதான் போனாங்கன்னு சொன்னாங்க. நம்மூர்ல இருந்தும் இப்போ ஜனவரி பிப்ரவரில குல்மார்க் பேக்கேஜ் போறது ஜாஸ்தியாயிடுச்சு, அவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், வண்டி மாட்டிகினா முதல் வேலை இறங்கி சைலன்சரை சுத்தி ஸ்நோவைத் தள்ளறது, அப்புறம் ஹீட்டரை விட்டு விட்டுதான் போடணும், ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் எறக்கி வைக்கணும்.

ரோடு விஷயத்துல இன்னொரு கூத்து. ஜம்மு ஸ்ரீநகர் ரோடு, கிருஷ்ணகிரியில நாம ஏர்ற அதே 44ம் நம்பர் ரோடுதான், அதுல ஸ்நோ மட்டும் பிரச்சனை இல்ல. பனிஹால் பக்கம் மேல ஸ்நோ விழும்போது கீழ ராம்பன் பக்கம் மழை பெய்யும், மழை பெஞ்சா மலை சரியும், கல்லு உருளும். கொஞ்சம் சூடான சிஸ்டம் வந்தா மேல ஸ்நோ கம்மி, ஆனா கீழ ராம்பன்ல மண்ணு விழுந்து ரோடு க்ளோஸ். பையன் ஸ்ரீநகர்ல இருந்து "இங்க ஸ்நோவே இல்லம்மா, ஆனா கான்வாய் விடல"ன்னு சொன்னா பொய் சொல்றான்னு நினைக்காதீங்க. 2025 ஜூன்ல செனாப் பாலத்தோட கட்ரா ஸ்ரீநகர் ரயில் ஓட ஆரம்பிச்சதால இந்த டென்ஷன் கொஞ்சம் கொறைஞ்சிருக்கு. சோன்மார்க் டன்னல் 2025 ஜனவரில தொறந்தாச்சு, ஆனா அதுக்கு அந்தாண்ட 3,500 மீட்டருக்கு மேல இருக்கற ஜோஜிலா கணவாய்க்கான டன்னல் முடியற வரைக்கும் கார்கில், திராஸ் பக்கம் போறவங்க வானத்தைப் பாத்துதான் ஆவணும்.

சமவெளி குளிர் பத்தி ரொம்ப நீட்ட வேணாம். சிஸ்டம் தாண்டிப் போனதும் பின்னாடியே வடமேற்குக் காத்து மலைக்குளிரை பஞ்சாப், ஹரியானா, டெல்லிக்கு எறக்கி விடும். ராத்திரி டெம்பரேச்சர் பத்து டிகிரிக்குக் கீழ போய், வழக்கத்தை விட நாலரை டிகிரி கம்மியா இருந்தா ஐஎம்டி கோல்ட் வேவ்னு அறிவிக்கும், நேரா நாலு டிகிரிக்கு வந்துட்டாலும் கோல்ட் வேவ்தான். மழை பெஞ்ச ஈரத்தரை, தெளிஞ்ச வானம், அசையாத காத்து மூணும் சேந்தா மூடுபனி. அது எந்த ராத்திரி வரும்னு ஓரளவு சொல்லிடலாம், எத்தனை மணிக்குக் கலையும்னு சொல்றதுதான் கஷ்டம், ட்ரெயின் லேட்டெல்லாம் அந்தக் கேள்வியில இருந்துதான் பொறக்குது. இஞ்சின்ல ஜிபிஎஸ் வெச்ச ஃபாக் பாஸ் கருவி அடுத்த சிக்னல் எங்க வருதுன்னு டிரைவருக்கு சொல்லுது, ஆனாலும் ஸ்பீடு கொறைச்சுதான் ஓட்டணும்.

சீசன் முழுக்க எப்படி இருக்கும்னு நவம்பர்லயே சொல்ற ஃபோர்காஸ்ட்டும் வருது. பசிபிக் கடல் வழக்கத்தை விடக் குளிர்ந்து கெடக்கற லா நினா வருஷம்னா வட இந்தியாவுல குளிர் ஜாஸ்தியா இருக்க வாய்ப்பு உண்டு, அந்தக் கடல் சூடாகற எல் நினோன்னா வேற மாதிரி, ஆனா இதெல்லாம் மொத்த சீசனுக்கான சாய்வு, குறிப்பிட்ட வாரத்துக்கு உதவாது. 2024 ஜனவரில குல்மார்க்ல ஸ்நோவே இல்லாம புல்லு தெரிஞ்சுகினு கெடந்துச்சு, ஸ்கீயிங் பண்ண வந்தவங்க குதிரை ஏறிட்டுப் போனாங்க, மாசக் கடைசியில சிஸ்டம் மேல சிஸ்டமா வந்து கொட்டிச்சு. ஜனவரி ஸ்நோதான் அவங்களுக்கு முக்கியம், குளிர்ல விழறதால கெட்டியா நின்னு வெயில் காலத்துல மெதுவா உருகி ஆத்துக்குத் தண்ணி கொடுக்கும், மார்ச்ல விழறது சீக்கிரமே ஓடிடும்.

லீவுக்கு வர்ற பையனுக்காகப் பாக்கறவங்க ஊர் பேரைப் போட்டு டெம்பரேச்சர் பாக்கறதை விட ஐஎம்டி ஸ்ரீநகர் புல்லட்டின்ல மூணு விஷயம் பாருங்க: அடுத்த சிஸ்டம் எந்த ராத்திரி வருது, மஞ்சளா ஆரஞ்சா சிவப்பா என்ன கலர் போட்டிருக்கான், முடிஞ்சு எத்தனை நாள் ட்ரைன்னு போட்டிருக்கான். சிஸ்டம் வர்றதுக்கு முதல் நாளே பள்ளத்தாக்கை விட்டு எறங்கிட்டா பொழைச்சான், இல்லன்னா முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சுதான்னு வெச்சுக்குங்க. ஜம்மு வந்துட்டா அப்புறம் ஹிம்சாகர்தான், கட்ராவுல இருந்து கெளம்பி காட்பாடி வழியா கன்னியாகுமரி போற வண்டி, வாரத்துக்கு ஒண்ணு. அந்த வண்டியை விட்டுட்டா டெல்லி வந்து மாற வேண்டி வரலாம், டெல்லியில மூடுபனி, அதனால மாறற வண்டிக்கு நடுவுல அரை நாளாவது கேப் விட்டு புக் பண்ணச் சொல்லுங்க.